கையறுநிலை

பத்திரிகைகளிலும் வானொலிச் செய்திகளிலும் அடிக்கடி காதில் விழும் சொற்களுள் ஒன்று கையறுநிலை. வெள்ளம் வந்து வயலை அழித்தால் கமக்காரர் கையறுநிலையில் உள்ளனர் என்பர். மருந்து வாங்க வழியின்றி ஒரு வீட்டார் தவித்தால் அவரையும் அவ்வாறே குறிப்பர். கடைசி விக்கெட்டும் விழுந்துவிடும் தறுவாயில் நிற்கும் துடுப்பாட்ட அணியினரைக்கூட இப்போது கையறுநிலையினர் ஆக்கிவிட்டார்கள். இத்துணைப் பழக்கத்தில் இருந்தும், இச்சொல்லின் பொருள் யாதென வகுப்பறையிலே வினவினால், கை வெட்டுண்ட நிலை என்று விடை கூறும் பிள்ளைகளே பலர். அவ்விடையைப் பிழையென்று முற்றாகத் தள்ளிவிடுதல் முறையாகாது. பிள்ளைகள் சொல்லின் வாயில்வரை வந்துவிட்டனர். உள்ளே நுழையவில்லை, அவ்வளவுதான்.

அறு என்னும் வினை தமிழில் இருவகையாய் வழங்கும். கயிற்றை அறுத்தான் என்றால் அறுத்தவன் ஒருவன் உளன். நீரற்ற குளம் என்றாலோ, நீரை எவரும் வெட்டியெறியவில்லை, அது இல்லாதொழிந்தது. கையறுதல் என்பதில் உள்ள அறு இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. கை என்பது இங்கே தோளிலிருந்து தொங்கும் உறுப்பை மட்டும் குறியாது, அதனாற் செய்யப்படும் செயலையும் குறிக்கும். ஆகவேதான் பழைய உரையாசிரியர்கள் கையறுதல் என்பதற்குச் செயலறுதல் என்று பொருள் எழுதினர். உறுப்பு இருந்தவாறே இருக்கிறது. அதற்குச் செய்வதற்கென ஒன்றும் இல்லாமற் போயிற்று. யார் இதனைச் செய்தார் என்று அச்சொல் கூறுவதில்லை. கூற்றுவனோ, பகைவனோ, கடலோ, காலமோ, எதுவாயினும் ஆகுக.

இன்னும் ஒன்று கவனிக்கத்தக்கது. கையறுநிலை வினைத்தொகையாய் அமைந்த சொல். ஊறுகாய், சுடுசோறு என்பன போலவே இதுவும் காலங்காட்டும் இடைநிலையைத் தன்னுள் மறைத்துக்கொண்டு நிற்கிறது. கையற்ற நிலை, கையறுகின்ற நிலை, கையறும் நிலை என மூன்று காலத்திற்கும் விரியும். இலக்கண வகுப்பில் மனனம் செய்து மறந்துவிடும் இச்சிறு செய்தியை, இழவு நேர்ந்த வீடொன்றை நினைத்துக்கொண்டு மீட்டுப் பார்க்க வேண்டும். இழப்பு நேற்று நடந்தது. அதன் வருத்தம் இன்றும் நடக்கிறது. நாளைக்கும் அது நடக்கும்.

செயலைக் கையின்மேல் ஏற்றிச் சொல்லும் வழக்கம் தமிழரின் அன்றாடப் பேச்சில் நிறைந்து கிடக்கிறது. உதவி செய்தவர் கைகொடுத்தார், செய்யாதவர் கைவிட்டார், கேட்டவுடன் இல்லையென்றவர் கையை விரித்தார். சாப்பாட்டுக்கு வழியற்றவர் கையேந்தினார். அஞ்சியவர் கைகட்டி நின்றார். வழிதெரியாதவர் கையைப் பிசைந்தார். நிலைமை கட்டுக்கடங்காமற் போனால் அது கைமீறிப் போயிற்று. நோயை விரைவிற் குணமாக்கும் பரியாரியாருக்குக் கைராசி உண்டென்பர். திடீரென்று பேரிடி போன்ற செய்தி வந்தபோது, கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று கிழவிமார் கூறுவர். ஏட்டை அறியாத அக்கிழவியின் வாய்மொழி, பண்டைப் புலவர் கையறவு என்ற அதே நிலையைத்தான் குறிக்கிறது. காலையும் சேர்த்துக்கொண்டமை அவளுடைய சொந்தச் செல்வம்.

இனி ஏட்டு வழக்கைக் காண்போம். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1885ஆம் ஆண்டிலே தொல்காப்பியப் பொருளதிகாரத்தை அச்சேற்றினார். உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூறு 1894இல் வெளிவந்தது. பழஞ்சுவடிகளோடு பழகிய சிலரிடத்தே இருந்த இத்தகைய துறைப்பெயர்கள் பலரும் அறியும் பொதுச்செல்வமானமைக்கு இவ்விரு பதிப்புகளும் பெருங்காரணம். தொல்காப்பியர் கையறுநிலையை வைத்த இடம் நோக்கத்தக்கது. உலகத்தின் நிலையாமையைப் பேசும் காஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாக அதனை அவர் வைத்தார். இறந்தவரை நினைந்து எஞ்சியவர் வருந்திப் புலம்புவது அதன் இலக்கணம். இருப்பவனுடைய வலிமைக்குறைவைப் பற்றிய பேச்சே அங்கில்லை. எவ்வளவு வலியவனாயினும் இறந்தவனைத் திருப்பிக் கொணர இயலாது என்னும் பொதுவுண்மையின் மேலேயே அத்துறை நிற்கிறது.

புறநானூற்றில் இத்துறைக்குரிய பாட்டுகள் பல. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியது உண்டு. பாரி இறந்தபோது கபிலர் பாடியவை உண்டு. மிகச் சிறியவற்றுள் ஒன்று பாரியின் மகளிர் பாடியது. ஐந்தே அடி. பறம்பு மலைக்குத் தலைவனாயிருந்த அவர்களுடைய தந்தையை மூவேந்தரும் முற்றுகையிட்டனர், பாரி மாண்டான், மலையும் பறிபோயிற்று. அம்மகளிர் இரண்டு நிலவுகளைப் பற்றி மட்டுமே பேசுகின்றனர். கடந்த திங்களில் இதே வெண்ணிலவு எறித்தபோது தந்தை இருந்தார், குன்றும் இருந்தது. இத்திங்களில் நிலவு எறிக்கும்போது குன்றும் இல்லை, தந்தையும் இல்லை. அவ்வளவே பாட்டின் பொருள். புலம்பலுக்கென்று வகுத்த துறையில் அமைந்த இப்பாட்டிலே, ஐயோ என்னும் சொல் ஒன்றுதானும் இல்லை. எவரையும் வைதாரில்லை, எவரிடமும் இரந்தாரில்லை. இக்காலத்து இரங்கற்பா எழுதுவோர் இதனை ஒருமுறையேனும் படித்துவிட்டு எழுத உட்காருவாராயின் அச்சுக்கூடங்களுக்கு வேலை குறையும், படிப்பவருக்கோ பெருநன்மை.

கபிலருடைய வரலாறு வேறொரு வகையில் வியப்பானது. பாரியின் நண்பர் அவர். பறம்பை விட்டு நீங்கும்போது அவர் பாடியவை கையறுநிலைப் பாட்டுகளே. ஆனால் பாடி முடித்ததும் அவர் சும்மா இருந்துவிடவில்லை. தந்தையற்ற அப்பெண்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடம் சென்றார். இவரை மணந்துகொள் என்றார். அது நிறைவேறவில்லை. இருங்கோவேளிடம் சென்றார். அவனும் மறுத்தான். ஈற்றில் அவர்களைப் பார்ப்பாரிடத்தே ஒப்படைத்துவிட்டு வடக்கிருந்து உயிர்நீத்தார் என்று புறநானூற்றுக் குறிப்பு கூறும். கையற்றவர் என்று துறைப்பெயர் சூட்டும் புலவர், இரண்டு அரசவாயில்களுக்கு நடந்திருக்கிறார். நண்பனை உயிர்ப்பிக்கும் காரியத்திலே அவருக்குக் கை இல்லை. நண்பனுடைய மக்களைக் காக்கும் காரியத்திலே கை இருந்தது. இரண்டையும் அவர் வேறு பிரித்து அறிந்திருந்தார்.

பழைய துறை இலங்கைத் தமிழரிடையே முற்றாக மறைந்துவிட்டதாகவும் கூற முடியாது. யாழ்ப்பாணத்திலே ஒருவர் இறந்து 31ஆம் நாட் கிரியையின்போது நினைவு நூல் ஒன்றை அச்சிட்டு வழங்குதல் வழக்கம். கல்வெட்டு என்பது அதற்குப் பெயர். கல்லில் வெட்டப்படாத இக்கல்வெட்டிலே இறந்த திதியைக் குறிக்கும் வெண்பா, குலமரபு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்றெல்லாம் வரிசையாகச் செய்யுள்கள் இருக்கும். இறந்தவரை ஒருநாளும் கண்டிராத ஊர்ப்புலவர் ஒருவர் அவருடைய மனைவியாய் நின்று அழுவார். அடுத்த பக்கத்திலே மருமகனாய் நின்று அழுவார். பெயரை மட்டும் மாற்றினால் மற்றொரு வீட்டுக்கும் பொருந்தக்கூடிய செய்யுள்களும் அவற்றுள் உண்டென்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் அந்நூலைக் கையில் வாங்கிய விதவையார் தம்முடைய பெயரில் அச்சாகியிருக்கும் புலம்பலைத் தடவிப் பார்ப்பார். தமக்குச் சொல் வராதிருந்த வேளையில் வேறொருவர் வந்து சொல்லித் தந்தார் என்னும் ஆறுதல் அதிலுண்டு.

இவ்வாறு ஏட்டிலும் இழவு வீட்டிலும் பெருமையோடு நின்ற சொல்லின் உறவினர் சிலர் சந்தியிலே வேறு கோலத்தில் உலாவுகின்றனர். கையாலாகாதவன் என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். அதிலும் கை உண்டு. அதிலும் இயலாமை உண்டு. ஆனால் கையறுநிலை ஒரு நிலையின் பெயர். கையாலாகாதவன் ஓர் ஆளின் பெயர். நிலை வரும், போகும். ஆளுக்கு ஒட்டிய பெயரோ எளிதிற் போகாது. முன்னது இரக்கத்தை எழுப்பும், பின்னது வசை. யாழ்ப்பாணத்துப் பேச்சில் உள்ள ஏலாவாளி என்பதும் இவ்வினத்ததே. சொல்லும்போதே உதட்டைப் பிதுக்கும் வகையில் அது அமைந்துவிட்டது. தொழிலை இழந்து வீட்டில் இருக்கும் ஆண்மகனைப் பற்றி முதல் மாதத்தில் அயலார், பாவம், அவருக்கு இப்படி நேர்ந்துவிட்டதே என்பர். ஆறாம் மாதத்தில் அதே வாய்கள் ஏலாவாளி என்னும். அவனுடைய நிலையில் மாற்றம் ஒன்றுமில்லை. சொல்தான் நிலையிலிருந்து ஆளுக்கு நகர்ந்துவிட்டது.

ஏலாது என்னும் இலங்கைச் சொல் தனியே ஆராயத்தக்கது. தமிழகத்தார் முடியாது என்னும் பல இடங்களில் இங்குள்ளோர் ஏலாது என்பர். அம்மாவுக்கு ஏலாது என்று ஒரு பிள்ளை பாடசாலையில் வந்து சொன்னால், தாய்க்குச் சுகமில்லை என்பது பொருள். எதனைச் செய்ய ஏலாது என்று மேலும் வினவுதல் தேவையில்லை. உடல் தளர்ந்த முதியவர் ஏலாதவர். அவருடைய மனநிலைக்குத் தொல்காப்பியர் வேறு பெயர் வைத்திருக்கிறார். மெய்ப்பாடுகள் எட்டனுள் ஒன்றாகிய இளிவரல், முதுமையாலும் நோயாலும் வருத்தத்தாலும் மென்மையாலும் பிறக்கும் என்பது அவர் கூற்று. தன் வேட்டியைத் தானே கட்டமாட்டாமல் மகனை அழைக்கும் முதியவருக்கு நேர்வது அது. துயரத்தோடு நாணமும் கலந்த உணர்ச்சி அது. முதியோர் பலர் பசியைக் கூடச் சொல்லாமல் அடக்கிக்கொள்வதன் காரணம் இந்நாணமே.

கட்டமாட்டாமல் என்று சற்று முன் வந்த சொல்லிலும் ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. பழந்தமிழில் மாட்டேன் என்றால் எனக்கு ஆற்றல் இல்லை என்று பொருள். இன்றோ மாட்டேன் என்றால் எனக்கு விருப்பமில்லை என்பதே பொருள். நடக்கமாட்டாமற் கிடக்கிறார் என்று நோயாளியைப் பற்றிக் கூறும்போது பழம்பொருள் உயிரோடிருக்கிறது. நடக்கமாட்டேன் என்று குழந்தை அடம்பிடிக்கும்போது புதுப்பொருள் நிற்கிறது. முடியாது என்னும் சொல்லும் இவ்வழியே போயிற்று. காரியம் நிறைவேறாது என்று கூறப் பிறந்த சொல், செய்ய விரும்பவில்லை என்று முகத்திலறையும் சொல்லும் ஆயிற்று. ஏலாது என்பதும் அப்பாதையிற் கால்வைத்துவிட்டது. இயலாமையைச் சொல்லப் பிறந்த சொற்கள் ஒவ்வொன்றாய் மறுப்புச் சொற்களாக மாறிவருவதால் நேரும் தீங்கு யாதெனில், உண்மையாகவே இயலாதவன் வாய்திறக்கும்போது அது பிடிவாதமாகக் காதில் விழுகிறது.

பாடசாலைகளில் இத்தீங்கு நாள்தோறும் நடக்கிறது. எனக்குக் கணக்கு ஏலாது சேர் என்கிறான் மாணவன். ஏலாது என்றால் என்ன, செய்ய மாட்டாயா என்று ஆசிரியர் சினக்கிறார். ஒரே சொல்லை ஒருவர் ஒரு பொருளிற் சொல்ல, மற்றவர் மறுபொருளிற் கேட்கிறார். பிரம்பு இருந்த காலத்தில் இக்கருத்து வேறுபாட்டைப் பிரம்பே தீர்த்துவைத்தது.

மாணவனுடைய ஏலாது எங்கிருந்து வருகிறது என்னும் கேள்விக்கு உளநூலார் செய்த சோதனை ஒன்று சிறிது ஒளி தருகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலே மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்பார் 1967இல் அதனை வெளியிட்டனர். சில நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்து, தலையாற் பலகையொன்றை அழுத்தினால் அதிர்ச்சி நிற்குமாறு அமைத்தனர். வேறு சில நாய்களுக்கு அதே அளவு அதிர்ச்சியைக் கொடுத்தனர். ஆனால் அவை எதைச் செய்தாலும் அது நிற்கவில்லை. பின்னர் இரு கூட்டத்தையும், சிறிய தடுப்பொன்றைத் தாண்டினாலே தப்பக்கூடிய பெட்டியில் விட்டனர். முதற் கூட்டத்து நாய்கள் தாண்டித் தப்பின. இரண்டாம் கூட்டத்தனவற்றுட் பெரும்பாலானவை தாண்ட முயலாமல் அதிர்ச்சியை ஏற்றுக் கிடந்தன. வாயில்லாப் பிராணிகளுக்கு இழைத்த கொடுமை என்று இதனை இன்று பலர் வெறுப்பர், வெறுத்தல் நியாயமே. ஆயினும் அதனால் அறியப்பட்ட செய்தியைப் புறக்கணித்தல் தகாது. தடுப்பைத் தாண்டும் கால் அந்நாய்களுக்கும் இருந்தது. செய்வது யாதும் பயன்தராது என்று அவை முன்பே கற்றிருந்தன. கற்றுக்கொண்ட இயலாமை என்று அதற்குப் பெயரிட்டனர்.

1968இல் அவர்கள் இன்னொன்று செய்தனர். கிடந்த நாய்களின் கழுத்திற் கயிற்றைக் கட்டி, தடுப்பின் மறுபுறத்துக்கு இழுத்துச் சென்றனர். ஒருமுறை இருமுறையன்று, பலமுறை. அதன் பின்பே அவை தாமாகத் தாண்டத் தொடங்கின. வாயினால் ஊக்கமூட்டியோ உணவைக் காட்டியோ பயன் விளையவில்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழித்து, 2016இல் அவ்விருவருமே தம் கொள்கையைத் திருத்தி எழுதினர். இயலாமை கற்கப்படுவதன்று, நீடித்த துன்பத்தின் முன் செயலற்றுக் கிடத்தலே உயிர்களின் இயல்பு, என்னால் இதனை மாற்றக் கூடும் என்பதே கற்கப்படுவது என்பது அவர்களுடைய பிந்திய முடிபு. கணக்கு ஏலாது என்று கூறும் பிள்ளைக்குப் பின்னாலும், தவறென்று சிவப்பு மையினாற் கோடிழுக்கப்பட்ட கொப்பிகள் பல இருக்கக்கூடும். அவனுக்கு அறிவுரையைக் காட்டிலும், பக்கத்தில் இருந்து ஒரு கணக்கை அவன் கையினாலேயே செய்து முடிக்கச் செய்வதும், மறுநாளும் அவ்வாறே செய்வதும் கூடுதலாகப் பயன்படும். கைகொடுத்தல் என்னும் தமிழ்ச்சொல்லின் நேர்ப்பொருளும் அதுவே.

இயலாதவனுடைய சொல்லை இயலுமானவன் கடன்வாங்கும் இடங்களும் உள. அலுவலகம் ஒன்றுக்கு முதியவள் ஒருத்தி விண்ணப்பத்துடன் போகிறாள். நான்காம் முறை போகிறாள். மேசைக்கு அப்பாலிருப்பவர், அம்மா, இது எங்களுடைய கையில் இல்லை என்கிறார். மேலிடத்திற் கேட்டால் அவர்களும் அவ்வாறே கூறுவர். சில வேளைகளில் அது மெய்யாகவும் இருக்கலாம். சுற்றறிக்கை அவரையும் கட்டியிருக்கலாம். ஆனால் பேனையும் முத்திரையும் கையில் உள்ளவர், கையில் இல்லை என்று கூறிவிட்டுத் தேநீர் குடிக்கச் செல்வதும், வெறுங்கையோடு வந்தவள் வெறுங்கையோடு பஸ் ஏறுவதும் ஒன்றாகா. இருவரும் கை என்ற ஒரே சொல்லைத்தான் ஆளுகின்றனர். அவளிடம் அது உண்மை. அவரிடம் பெரும்பாலும் அது ஒதுங்குவதற்கு ஒரு சுவர்.

துடுப்பாட்ட அணிக்குக் கையறுநிலை என்று எழுதுவோரை இதுபற்றியே தடுக்க வேண்டியிருக்கிறது. அடுத்த வாரம் அவ்வணி மீண்டும் ஆடும். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாட் காலையில் நிகழ்ந்ததற்கு இச்சொல்லை மீதம் வைத்திருக்க வேண்டும். அன்று ஆழிப்பேரலை இலங்கையில் 30,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் கரையோர ஊர்கள் சில மணி நேரத்தில் வெறும் மணலாயின. பிள்ளையின் கையைப் பிடித்திருந்த தாய், நீரின் இழுப்பிலே அக்கை நழுவிப் போனதைப் பின்னாளிற் சொன்னாள். ஒருத்தியல்லள், கரை நெடுகிலும் பலர் சொன்னார்கள். கை என்னும் சொல்லும் அறு என்னும் சொல்லும் அங்கே உவமையாக இருக்கவில்லை.

அவ்வாரத்திலே, கடல் தொடாத ஊர்களிலிருந்து சோற்றுப் பொதிகள் வந்தன. பாடசாலைகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தங்கியிருந்தவர்களுக்கு அவற்றைக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் ஒன்றும் பேசவில்லை என்பர். இது புதிதாகக் கற்ற முறையன்று. தமிழரின் செத்தவீட்டிலே அடுப்பு மூட்டுவதில்லை. அயல்வீட்டுப் பெண்கள் தேநீரும் சோறும் ஆக்கிக் கொணர்வர். பந்தல் இடுவதும், உறவினருக்குச் சொல்லி அனுப்புவதும், கதிரைகளை இரவல் வாங்கி அடுக்குவதும் பக்கத்து வளவாருடைய வேலை. வீட்டுக்காரர் எழுந்து எதையேனும் எடுக்கப் போனால், நீங்கள் இருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்ளுகிறோம் என்று தடுத்துவிடுவர். கிரியைகள் முடிந்து, வீட்டுக்காரி தன் கையால் மீண்டும் உலை வைக்கும் நாள் வரும்வரை அது நடக்கும்.